டின் மாறியும் சொறி மாறவில்லை

பிள்ளையின் கன்னம் சிவந்து, பொரிப்பொரியாய் எழும்பி, நீர் கசியத் தொடங்கினால் ஈப்போ வீடுகளில் முதலில் மாறுவது பால் டின். மருந்துக் கடைக்காரர் ஒன்றைச் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா இன்னொன்றைச் சொல்வார், ஆட்டுப்பால் மாவுதான் குளிர்ச்சி என்பார் மாமியார். ஒரு டின் பாதியில் நிற்க, அடுத்ததைத் திறப்பார்கள். பசும்பால் மாவு போய் சோயா வரும். சோயாவும் கேட்கவில்லை என்றால் 'எச்.ஏ.' என்று அச்சிட்ட, விலை கூடிய டின் வரும். இதற்குள் ஒரு மாதம் ஓடியிருக்கும். பிள்ளையோ இரவெல்லாம் முகத்தைத் தலையணையில் தேய்த்துக்கொண்டிருக்கும்.

பெரியவர்கள் இதைக் கரப்பான் என்பார்கள். கிளினிக் அட்டையில் அடோப்பிக் எக்சிமா என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் கன்னத்தில் தொடங்கும். தவழும் வயதில் கைகால்களின் வெளிப்புறத்துக்குப் போகும்; நடக்கத் தொடங்கிய பிறகு முழங்கை, முழங்கால் மடிப்புகளில் தங்கிவிடும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆஸ்துமா, ஓயாத தும்மல், இதே சொறி என்று ஏதாவது இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது.

பால்மேல் பழி விழுவதற்குக் காலக்கணக்கு ஒரு முக்கியக் காரணம். மலேசியத் தனியார் துறையில் வேலை செய்த பெண்களுக்குப் பிரசவ விடுப்பு பல பத்தாண்டுகளாக 60 நாளாகத்தான் இருந்தது. இரண்டாம் மாதம் முடியும்போது தாய் வேலைக்குத் திரும்புவாள், பிள்ளை புட்டிக்கு மாறும். எக்சிமா தலைகாட்டுவதும் அதே வாரங்களில்தான். இரண்டும் சேர்ந்து வந்தால் ஒன்றுதான் மற்றதைக் கூட்டி வந்தது என்று யாருக்கும் தோன்றும்.

அந்தச் சந்தேகம் முழுக்கப் பொய்யும் இல்லை. 1936-இல் சிகாகோவின் இரண்டு மருத்துவர்கள், குரூலியும் சான்ஃபர்டும், 20,061 குழந்தைகளைக் கவனித்து எழுதிய ஆய்வு இதன் தொடக்கப் புள்ளி. பசும்பால் குடித்த குழந்தைகளிடம் எக்சிமா, தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களிடம் இருந்ததைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு என்று அவர்கள் கண்டார்கள். பாலையும் தோலையும் சேர்த்து எழுதிய பிற்கால ஆய்வுகள் பலவற்றில் இந்தக் கணக்கு மேற்கோளாக வந்துகொண்டே இருந்தது.

அதே 1936-இல் ஒரு பெண் மருத்துவர் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். பெயர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர். அதற்கு முன் கோல்ட் கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றியபோது வயிறு வீங்கி, கால் வீங்கி, தோல் உரிந்து இறந்துகொண்டிருந்த குழந்தைகளைப் பார்த்து, அது புரதக் குறைவால் வரும் நோய் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். அந்த நோய்க்கு உள்ளூர் மக்கள் வைத்திருந்த பெயரையே அவரும் வைத்தார்: குவாஷியோர்கர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். எக்சிமா கதையில் அது மறுபடி வருகிறது.

மலாயாவில் அவர் கண்டது வேறொரு காட்சி. தாய்ப்பால் தாராளமாகக் கிடைக்கக்கூடிய நாட்டில் குழந்தைகளுக்கு இனிப்பூட்டிய டின் பாலைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பால் நிறுவனங்கள் அமர்த்திய பெண்கள் தாதியரைப் போல உடுத்திக்கொண்டு வீடு தேடிப் போய் அதைப் பரிந்துரைத்தார்கள். அந்தப் பாலில் பாதிக்குச் சற்றுக் குறைவான எடை வெறும் சர்க்கரை. கொழுப்பெடுத்த வகையில் வைட்டமின் ஏ கிடையாது என்பதால் அது கண்ணையும் கெடுத்தது. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கம் பேச அழைத்தபோது வில்லியம்ஸ் தன் உரைக்குப் 'பாலும் கொலையும்' என்று தலைப்பு வைத்தார். குழந்தைக்கு ஒவ்வாத பாலைப் பொய் சொல்லி விற்பதைக் கொலையாகவே கருத வேண்டும் என்பது உரையின் சாரம். மூன்று ஆண்டுகளில் ஜப்பானியர் வந்தார்கள். அவர் சாங்கிச் சிறையில் அடைபட்டார், கெம்பெய்த்தாயின் பிடியிலும் பல மாதம் கிடந்தார். உயிரோடு வெளியே வந்து 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

பேராக் தோட்டங்களில் அந்த டின் எப்படி நுழைந்தது என்பதற்கு விளம்பரம் மட்டும் காரணமில்லை. 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ஒன்பது கன்றுகளில் தொடங்கிய ரப்பர், அடுத்த ஐம்பது ஆண்டுகளில் சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா, தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் என்று மாநிலம் முழுக்கப் பரவியது. பால்மரத்தை வெட்ட விடியலின் குளிர்ச்சி வேண்டும், வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். ஆகவே இருட்டிலேயே பெரட்டுக்கு நிற்க வேண்டும். லயத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் கைக்குழந்தையை அப்படியே தூக்கி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய் உளியோடு நிரைக்குப் போவாள். வெட்டி முடித்து, மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நண்பகல் தாண்டியிருக்கும். இடையில் ஓடி வந்து பால் கொடுக்க நிரை பக்கத்தில் இருக்க வேண்டும், கங்காணியோ தண்டலோ கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும்.

அந்த ஏழெட்டு மணி நேரத்துக்குக் கொட்டகையில் இருந்தது ஓர் ஆயா, வரிசையாய்த் தூளிகள், சுடுநீர், தலையில் பால்பாத்திரம் சுமந்த பெண் படம் போட்ட டின். காலனி ஆட்சிக் கால மலாயாவில் புட்டிப்பால் பரவிய விதத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் லெனோர் மாண்டர்சன் 1982-இல் அதைப் பற்றி ஒரு விரிவான கட்டுரை எழுதியிருக்கிறார். தாய்ப்பாலை விட்டது தாயின் அறியாமை என்று அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்த குறிப்புகளைப் படிக்கும்போது, அவர்களில் எத்தனை பேர் விடியலில் ஒரு பெரட்டைப் பார்த்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

தோட்டத்துக் குழந்தைகள் அன்று இறந்தது பேதியாலும் சத்துக் குறைவாலும். கன்னத்தில் சொறி என்பது அந்த லயங்களில் பெரிய கவலையாக இருந்திருக்க வாய்ப்பில்லை. வேப்பிலை அரைத்துப் பூசிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். எக்சிமா கவலையாவதற்கு முதலில் பிள்ளைகள் பிழைக்க வேண்டியிருந்தது.

வில்லியம்ஸ் போட்ட விதை அடுத்து முளைத்தது பினாங்கில். முளைக்க வைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு பேராக்காரர். தைப்பிங்கில் பிறந்த அன்வர் ஃபாசல், பன்னாட்டுப் பயனீட்டாளர் அமைப்பின் பொறுப்பில் இருந்தபோது, பால் மாவு விற்பனையைக் கண்காணிக்க 1979-இல் உருவான உலகக் கூட்டணியான இப்ஃபானுக்குத் தோள் கொடுத்தார். 1982-இல் அவருக்கு ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. வில்லியம்ஸின் பழைய ரோட்டரி உரையை 1986-இல் சிறு நூலாக மறுபடி அச்சிட்டதும் அந்த அமைப்பின் பினாங்கு அலுவலகம்தான். இதற்கிடையே 1981-இல் உலகச் சுகாதார மாநாடு, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை எப்படி விற்கலாம், எப்படி விற்கக்கூடாது என்ற பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. ஆதரவு 118 வாக்கு. எதிர்ப்பு ஒன்றே ஒன்று, அமெரிக்காவினுடையது. மலேசியா அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே, 1979-இல், தன் சொந்த நெறிமுறையை வெளியிட்டிருந்தது. பிறகு பல முறை திருத்தப்பட்டும் இன்றுவரை அது சட்டமாகவில்லை. நிறுவனங்கள் மனமுவந்து கடைப்பிடிக்க வேண்டிய நெறி என்ற அளவிலேயே நிற்கிறது.

சரி, புட்டிப்பால் குடித்தால் எக்சிமா வருமா?

இதை நேராகச் சோதிப்பது கடினம். பாதித் தாய்மாரிடம் பால் கொடுக்கக் கூடாது என்று எந்த ஆய்வாளரும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு சுற்றுவழியைப் பெலாருஸ் நாட்டில் மைக்கேல் கிராமர் குழுவினர் கண்டார்கள். 1996, 97-இல் 31 மருத்துவமனைகளை எடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றில் மட்டும் தாய்ப்பாலுக்குக் கூடுதல் ஊக்கமும் பயிற்சியும் கொடுத்தார்கள். மொத்தம் 17,046 தாய்-சேய் இணைகள். முதல் ஆண்டு முடிவில் ஊக்கம் கிடைத்த பக்கத்தில் 3.3 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு எக்சிமா இருந்தது, மறுபக்கத்தில் 6.3 விழுக்காடு. ஏறக்குறைய பாதி. ஆனால் அதே பிள்ளைகள் ஆறரை வயதானபோது ஆஸ்துமாவிலும் ஒவ்வாமையிலும் இரு பக்கத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. 16 வயதில் தோலைப் பரிசோதித்தபோது மடிப்புச் சொறி ஊக்கம் பெற்ற பக்கத்தில் மறுபடி குறைவாக இருந்தது.

மற்ற நாடுகளின் ஆய்வுகளோ ஆளுக்கொரு திசையில் இழுக்கின்றன. சிலவற்றில் நீண்ட நாள் தாய்ப்பால் குடித்தவர்களுக்கே எக்சிமா கூடுதலாகத் தெரிகிறது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: பிள்ளைக்குச் சொறி வந்துவிட்டால் தாய் பயந்து தாய்ப்பாலை நிறுத்தாமல் நீட்டிப்பாள். அப்போது கணக்கில் தாய்ப்பாலும் சொறியும் சேர்ந்தே விழும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இல் எல்லாவற்றையும் அலசிவிட்டு அடக்கமாக ஒரு முடிவுக்கு வந்தது: முதல் மூன்று நான்கு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் முதல் இரண்டு வயதில் எக்சிமா வருவது குறைகிறது, அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. குரூலியின் ஏழு மடங்கு எங்கே, இது எங்கே!

இந்த இடைவெளியில்தான், ஒவ்வாமை குறைந்தது என்று பொருள்படும் 'எச்.ஏ.' டின் கடைக்கு வந்தது. பசும்பாலில் ஒவ்வாமையைக் கிளப்புபவை அதன் புரதங்கள். அவற்றுள் பீட்டா லாக்டோகுளோபுலின் என்பதைத் தாய்ப்பாலில் உடல் சுரப்பதே இல்லை. புரதத்தை நொதிகளால் சிறு துண்டாக உடைத்துவிட்டால் பிள்ளையின் உடலுக்கு அது பகையாகத் தெரியாது என்பது யோசனை. உடைப்பதில் இரண்டு அளவு உண்டு. ஒன்று அரிசியைக் குருணையாக உடைப்பது, மற்றொன்று மாவாகவே அரைப்பது. கடைத்தட்டில் எளிதில் கிடைக்கும் 'எச்.ஏ.' வகை, குருணை. பால் ஒவ்வாமை உறுதியான குழந்தைக்கு மருத்துவர் எழுதித் தரும் டின், மாவு. இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் ஆபத்து. 1988-இல் அமெரிக்காவில் நெஸ்லேயின் கார்னேஷன் பிரிவு 'குட் ஸ்டார்ட் எச்.ஏ.' என்ற குருணை வகையை இறக்கியபோது, ஏற்கெனவே பால் ஒவ்வாமை இருந்த சில குழந்தைகள் அதைக் குடித்துக் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். மறு ஆண்டே ஒவ்வாமை குறைந்தது என்று பொருள்படும் சொல்லை முகப்பிலிருந்து எடுக்க வேண்டி வந்தது.

தடுப்புக்காவது உதவுமா என்ற கேள்விக்கு அந்த நேரத்தில் உரக்க ஆமாம் என்றவர் ரஞ்சித் குமார் சந்திரா. இந்தியாவில் பிறந்து மருத்துவம் படித்து, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலுள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தில் புகழோடு இருந்தவர். 1989-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அவருடைய ஆய்வு, ஒவ்வாமைக் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் புரதம் உடைத்த பால் கொடுத்தால் எக்சிமா குறையும் என்றது. அவரிடம் வேலை பார்த்த தாதி மெரிலின் ஹார்விக்கு அங்கேதான் உறுத்தியது. ஆய்வுக்குக் கைக்குழந்தைகளைத் தேடிப் பிடிக்கும் வேலை அவருடையது. பெற்றோருக்கு ஒவ்வாமை இருக்க வேண்டும், சொன்ன பாலையே கொடுக்க ஒப்ப வேண்டும் என்ற நிபந்தனைகளுக்குப் பொருந்தும் குழந்தைகள் எண்ணிக்கையில் சேரவே இல்லை. முடிவு மட்டும் அச்சில் வந்துவிட்டது. அவர் புகார் கொடுத்தார். பல்கலைக்கழகம் விசாரித்தது, ஆனால் வெளியே சொல்லவில்லை. 2006-இல் கனடா அரசு ஒளிபரப்பான சி.பி.சி. மூன்று பகுதிகளாக அதைப் போட்டு உடைத்தது. சந்திரா அவதூறு வழக்குத் தொடுத்து 2015-இல் தோற்றார். அந்த ஆண்டு அக்டோபரில் இதழ் 1989 கட்டுரையைத் திரும்பப் பெற்றது. கனடா கொடுத்திருந்த உயரிய விருதும் பறிபோனது.

திரும்பப் பெற 26 ஆண்டு ஆயிற்று. அதற்குள் அந்தக் கட்டுரையை நம்பி எழுதப்பட்ட தொகுப்புரைகள் எத்தனையோ, அவற்றைக் காட்டி மருத்துவர்களிடம் பேசிய விற்பனைப் பிரதிநிதிகள் எத்தனையோ.

எல்லா ஆய்வும் இப்படிப் புழுத்தவை என்று தள்ளிவிடவும் முடியாது. ஜெர்மனியில் 1995-இல் தொடங்கிய கினி என்ற ஆய்வு, ஒவ்வாமைக் குடும்பங்களில் பிறந்த 2,252 குழந்தைகளை இருபது வயதுவரை பின்தொடர்ந்தது. சில வகை உடைத்த பால்களால் எக்சிமா ஓரளவு குறைந்ததாக அது சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 620 குழந்தைகளிடம் செய்த ஆய்வு, குருணை வகையால் எந்தப் பயனும் இல்லை என்கிறது. 2016-இல் ராபர்ட் பாயில் குழு, 19,000-க்கு மேற்பட்டவர்கள் பங்குபெற்ற 37 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தடுப்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்றது. அமெரிக்காவின் உணவு மருந்து ஆணையம் 2011-இல் எக்சிமா வரும் வாய்ப்பைக் குறைக்கலாம் என்ற வாசகத்தை அச்சிட ஒரு நிறுவனத்தை அனுமதித்தபோது, அறிவியல் ஆதாரம் மிகக் குறைவு என்பதையும் கூடவே அச்சிட வேண்டும் என்றது. 2014-இல் அந்த நாட்டின் வணிக ஆணையம், தவறாக விளம்பரம் செய்ததாக கெர்பர் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. ஒவ்வாமையைத் தடுக்கும் என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுக்கும் ஈப்போத் தாய் இந்தப் பின்கதையை அறிய எந்த டினும் வழி செய்வதில்லை.

பாலைச் சுற்றியே இவ்வளவு காலம் போனபோது தோலைப் பார்த்தவர்கள் குறைவு. 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழு, ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்துக்கான மரபணுவில் குறை உள்ளவர்களுக்கு எக்சிமா வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று கண்டது. ஐரோப்பியரிடம் ஒரு வகைக் குறை, ஆசியரிடம் வேறு வகை. ஃபிலாக்ரின் போதாத தோல் ஈரத்தை வைத்துக்கொள்ளாது. வெளியிலிருந்து வருவதையும் தடுக்காது. சிந்திய பால், முட்டை, கடலைத் தூள் எல்லாம் வெடித்த தோல் வழியே உள்ளே போகும். உடலின் காவல் படை அதை அங்கே முதன்முதலாகச் சந்தித்து எதிரி என்று குறித்துக்கொள்ளும். லண்டன் மருத்துவர் கிடியன் லாக் 2008-இல் முன்வைத்த கருத்து இது. இதன்படி வரிசையே தலைகீழ்: பல குழந்தைகளிடம் உணவு ஒவ்வாமை எக்சிமாவைக் கொண்டு வருவதில்லை, எக்சிமாதான் உணவு ஒவ்வாமையைக் கொண்டு வருகிறது.

தோல் வழி போவதற்குள் வாய் வழி போனால் உடல் பழகிக்கொள்ளுமா என்று லாக் சோதித்த விதம் பேராக் மக்களுக்குச் சுவையாக இருக்கும், ஏனென்றால் விஷயம் கச்சான், அதாவது நிலக்கடலை. மெங்லெம்புக் கடலையும் புந்தோங் கச்சான் பூத்தேயும் ஈப்போவின் அடையாளங்கள். இஸ்ரேலில் குழந்தைகள் சின்ன வயதிலிருந்தே நிலக்கடலை சேர்த்துச் செய்த தின்பண்டம் தின்கிறார்கள். பிரிட்டனில் வாழும் அதே யூத வம்சத்துக் குழந்தைகளுக்கு அப்போது கடலையைக் கண்ணிலேயே காட்டியதில்லை. கடலை ஒவ்வாமையோ பிரிட்டன் பிள்ளைகளிடம் பத்து மடங்காக இருந்தது. இதைப் பார்த்த லாக், கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு நான்கு முதல் பதினோரு மாதத்துக்குள் கடலை கொடுக்கத் தொடங்கினார். ஐந்து வயதில் அந்தப் பகுதியில் கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. முடிவு வந்தது 2015-இல். தள்ளிப்போடுவதே பாதுகாப்பு என்ற பழைய அறிவுரை அதோடு போயிற்று. முழுக் கடலை குழந்தையின் மூச்சுக் குழாயை அடைத்துவிடும் என்பதால் மையாக அரைத்து, கஞ்சியில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். கடும் எக்சிமா இருக்கும் பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பாலிலும் இதே போன்ற ஒரு முரண் இருக்கிறது. ஜப்பானில் ஓர் ஆய்வு, பிறந்த முதல் மூன்று நாளில் பசும்பால் மாவைத் தவிர்த்தால் பால் ஒவ்வாமை குறைகிறது என்றது. ஒக்கினாவாவில் நடந்த இன்னொன்று, தாய்ப்பாலோடு ஒன்றாம் மாதம் முதல் இரண்டாம் மாதம் முடியும்வரை தினமும் பத்து மில்லி அளவாவது மாவுப் பால் கொடுத்து வந்த குழந்தைகளில் 0.8 விழுக்காட்டினருக்கே பால் ஒவ்வாமை வந்தது, முற்றிலும் தவிர்த்தவர்களில் 6.8 விழுக்காட்டினருக்கு வந்தது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சந்தேகம் ஒரு பழக்கத்தின்மேல் விழுகிறது: பால் இன்னும் ஊறவில்லை என்று வார்டில் முதல் இரவு ஒரு புட்டி கொடுத்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் நிறுத்திவிடுவது. ஐரோப்பிய ஒவ்வாமை வல்லுநர்களின் 2020 வழிகாட்டியும் முதல் வாரத்தில் சாதாரண மாவுப் பாலைக் கூடுமானவரை தவிர்க்கச் சொல்கிறது.

உண்மையான பால் ஒவ்வாமை இல்லாமல் இல்லை. பால் குடித்த இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்புத் தடிப்பாய் எழும்புவது, உதடு வீங்குவது, வாந்தி, மூச்சிரைப்பு, அல்லது தாமதமாக மலத்தில் இரத்தம் என்று அது தன்னைக் காட்டிக்கொள்ளும். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிதான். வேறு எந்தக் குறியும் இல்லாமல் கன்னத்தில் சொறி மட்டும் இருக்கும் பிள்ளைக்குப் பால் காரணமாக இருப்பது குறைவு. சந்தேகம் வலுத்தால் மருத்துவர் இரண்டு முதல் நான்கு வாரம் பாலை நிறுத்திப் பார்ப்பார். பிறகு அவர் மேற்பார்வையில் மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். மறுபடி வந்தால்தான் பால் காரணம் என்று பொருள். வீடுகளில் விட்டுப்போவது இந்த இரண்டாவது படி. நிறுத்தினோம், குறைந்தது, ஆகவே பால்தான் என்று முடித்துவிடுகிறார்கள். எக்சிமா தானாகவே ஏறி இறங்கும் நோய் என்பதால் எந்த டினை மாற்றினாலும் ஏதோ ஒரு வாரத்தில் குறைந்தது போலத்தான் தெரியும். ஆட்டுப்பால் மாவும் தீர்வாகாது. அதன் புரதங்கள் பசும்பாலின் புரதங்களை ஒத்தவை. பசும்பால் சேராத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அதுவும் சேராது.

காரணம் தெரியாமல் பாலை நிறுத்துவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒரு சான்று உண்டு. விடாத எக்சிமாவுக்குப் பால்தான் காரணம் என்று எண்ணிய பெற்றோர், இரண்டு வயதை நெருங்கிய பிள்ளைக்குப் பாலுக்குப் பதிலாக அரிசியில் செய்த பானத்தைக் கொடுத்து வந்தார்கள். பிள்ளை வீங்கிப்போய் மருத்துவமனைக்கு வந்தது. 2001-இல் மருத்துவ இதழில் வந்த அறிக்கையில் நோயின் பெயர் குவாஷியோர்கர். சிசிலி வில்லியம்ஸ் பஞ்சப்பட்ட கிராமங்களில் பார்த்த அதே நோய், கடைகள் நிறைந்த நகரத்தில். பால் சேராது என்று கஞ்சித் தண்ணீரோடு நிறுத்தும் வழக்கம் நம் வீடுகளுக்கும் புதிதல்ல.

சொறியை ஆற்றும் வேலை பெரும்பாலும் தோலின் மேல்தான் நடக்கிறது. மலேசியச் சுகாதார அமைச்சு 2018-இல் எக்சிமாவுக்கென ஒரு மருத்துவ வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. வாசனை சேர்க்காத ஈரப்பசை கிரீமைத் தாராளமாக, நாளுக்குப் பல முறை பூசுவது அதன் அடிப்படை. இளஞ்சூட்டு நீரில் சுருக்கமான குளியல், துடைத்ததும் கிரீம், சிவந்து தடித்த இடத்தில் மருத்துவர் சொன்ன வலுவில் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்றதும் பயந்து நகக்கண் அளவு தொட்டு வைத்தால் ஆறாது. பெயர் ஒட்டாத டப்பாவில் விற்கும் அதிசய கிரீமை மாதக்கணக்கில் பூசுவதும் ஆகாது. அப்படிப்பட்டவற்றில் வலுவான ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. மஞ்சள் பொருக்குத் தட்டினால் கிருமி ஏறிவிட்டது என்று பொருள், காத்திருக்கக் கூடாது.

பாட்டி வைத்தியத்தில் ஒன்றுக்கு மதிப்பெண் கொடுக்கலாம். பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் செய்து 2014-இல் வெளியான சோதனையில், சுத்தமான தேங்காயெண்ணெய் மினரல் எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. மிதமான எக்சிமாவுக்கு அது கெடுதல் இல்லை. கடலைமாவும் பயற்றமாவும் தேய்த்துக் குளிப்பாட்டுவதுதான் வெடித்த தோலுக்கு ஆகாது. எஞ்சியிருக்கும் எண்ணெய்ப் பசையையும் அது உரித்து எடுத்துவிடும். லாக் சொன்னது சரியென்றால் அது பயற்றுப் புரதத்தைப் புண்ணுக்குள் தேய்ப்பதாகவும் ஆகும். நோய் வரும் முன்பே எல்லாப் பிள்ளைக்கும் தினமும் கிரீம் பூசினால் தடுத்துவிடலாமே என்ற ஆசையையும் சோதித்தாயிற்று. பிரிட்டனில் 2020-இல் வந்த பெரிய ஆய்வு, தடுக்க முடியவில்லை என்றது. வந்ததை அடக்கத்தான் கிரீம்.

தாய்ப்பால் கணக்கைப் பார்த்தால் மலேசியா நெடுந்தூரம் வந்திருக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் 2006-இன் தேசிய ஆய்வில் 14.5 விழுக்காடு, 2016-இல் 47.1, 2022-இல் 53.5. தனியார் துறைப் பிரசவ விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் குறிப்பிட்ட அந்த மூன்று மாதத்துக்கு இப்போதுதான் சட்டம் எட்டிப் பிடித்திருக்கிறது. தோட்டங்களில் ஆயாக் கொட்டகை வைப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எழுதியிருக்கிறது. ஆனால் பேராக்கில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் புந்தோங்குக்கும் ஈப்போவின் புறநகர்த் தாமான்களுக்கும் வந்துவிட்டார்கள். தொழிற்சாலையிலும் பேரங்காடியிலும் ஷிஃப்டுக்குப் போகும் பெண், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆண்ட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். பையில் பால் டின், புட்டி, மூன்று வேளைக்கு எத்தனை கரண்டி என்று எழுதிய தாள் எல்லாம் இருக்கும். கிரீம் வீட்டிலேயே இருந்துவிடும். காலையில் ஒரு தடவையும் இரவில் ஒரு தடவையும் தாய் பூசுவாள். வியர்த்து, குளித்து, சொறிந்து கழியும் பத்து மணி நேரத்துக்குத் தோலில் ஒன்றும் இருக்காது. கிளினிக்கில் மிஸ்ஸியிடம் கேட்டால் இன்னொரு டப்பா கிரீம் கிடைக்குமா என்று சொல்வார். அதைப் பையில் போட்டு, குளித்ததும் ஒரு முறை, மதியம் ஒரு முறை என்று அதே தாளில் எழுதி வைக்கலாம்.